தண்ணீரில் கழலாத ஈயம்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். பல வருடங்களுக்கு முன் அண்ணன் மகள் பள்ளி விடுமுறையில் ஒருநாள் வந்து, வாசலில் நின்று "அத்தை" என்று குரல் கொடுத்ததோடு சரி. மறுநாளிலிருந்து கட்டடம் முழுக்க அதுவே பெயராகிவிட்டது. அவளைவிட ஆறு வயது மூத்த இயக்குநரும் அத்தை என்றார். இத்தனை பேருக்கு அத்தையாக இருந்தும், போய் உட்கார அவளுக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

அது அண்ணன் வீடு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போவாள். கூடத்தில் ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் உட்காருவாள். அண்ணி தேநீர் கொடுப்பாள், மதியம் சாப்பாடு போடுவாள், நாலு மணிக்குக் கடிகாரத்தைப் பார்ப்பாள். அத்தை எழுந்துகொள்வாள். மற்ற ஆறு நாளும் மாலையில் அவள் திரும்புவது மூன்றாவது மாடியில் உள்ள ஒற்றை அறைக்கு. அங்கே இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் அவள் உட்காருவாள். எதிரில் இருப்பதில் மடித்த துணிகள் உட்காரும். துணிகள் பதில் பேசுவதில்லை என்பது தவிர வேறு குறை சொல்ல முடியாது.

வேலை மண் பார்ப்பது. ஊரில் யார் நிலம் வாங்கினாலும், வீடு கட்டினாலும், பூங்கா போட்டாலும் ஒரு பொட்டலம் மண் அவள் மேஜைக்கு வரும். உலர்த்துவாள், சலிப்பாள், நிறுப்பாள். பத்து கிராம் மண்ணைக் குடுவையில் போட்டு நூறு மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கும் பொறியில் ஒரு மணி நேரம் கட்டி வைப்பாள். பிறகு வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கருவி அறைக்கு அனுப்புவாள். ஈயம், காட்மியம் என்று ஏதாவது கரைந்து வந்திருந்தால் கருவி சொல்லும். பெரும்பாலும் அது ஒன்றும் சொல்லாது. அப்போது சான்றிதழில் "கண்டறியப்படவில்லை" என்று அச்சாகும்.

அந்த ஒரு சொல்லின் மேல்தான் இயக்குநரின் பெருமை முழுவதும் நின்றது. இயக்குநருக்குப் பட்டங்கள் அதிகம். அறை வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை கதவின் அகலம் போதாமல் சுவரிலும் ஒரு முழம் ஓடியது. கதவைத் திறந்தால் பாதிப் பட்டங்கள் உள்ளே போய்விடும், மீதி வெளியே காவலுக்கு நிற்கும். "நம்ம ஆய்வகத்தோட பேரு எதுல இருக்கு தெரியுமா? கண்டுபிடிக்கிறதுல இல்ல, கண்டுபிடிக்காம இருக்கிறதுல" என்று அவர் ஒருமுறை கூட்டத்தில் சொன்னார். கைதட்டலும் வாங்கினார்.

முன்பெல்லாம் சான்றிதழ் மூன்று பக்கம். தண்ணீரில் எவ்வளவு கழலும், புளிப்பில், அதாவது மெல்லிய அமிலத்தில், எவ்வளவு கழலும், மண்ணுக்குள் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள். இயக்குநர் பதவிக்கு வந்ததும் சான்றிதழுக்குத் தங்க நிறத்தில் ஃபிரேம் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். மூன்று பக்கம் ஃபிரேமுக்குள் அடங்கவில்லை. ஃபிரேமை மாற்றுவதைவிடப் பக்கங்களைக் குறைப்பது சுலபமாக இருந்தது. தண்ணீர்க் கட்டம் மட்டும் மிஞ்சியது. அவருடைய கையெழுத்துக்கும் தாராளமாக இடம் கிடைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அத்தையின் கைப்பேசி அடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் அது அடிப்பதில்லை.

"நான் தலைவர் பேசறேன்."

"எந்தத் தலைவர்?"

"அண்ணன்டி."

அண்ணன் குடியிருப்போர் சங்கத் தலைவராகி நாலு மாதம் ஆகியிருந்தது. அண்ணியே அவரைத் தலைவர் என்றுதான் சொன்னாள். முதலில் கிண்டலாகத் தொடங்கி, அவர் அதை ரசிக்கிறார் என்று தெரிந்ததும் நிறுத்த முடியாமல் போனது.

"நடுவுல இருக்கிற காலி இடத்துல காய்கறித் தோட்டம் போடறோம். 'நம்ம மண்ணு, நம்ம காய்'னு பேரு. பேரு நான் வெச்சது. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குண்ணே."

"மண்ணுக்கு ஒரு சான்றிதழ் வேணும். உங்க இயக்குநர் ஃபிரேம் போட்டுத் தருவாராமே. அதையும் போட்டுடு. திறப்பு விழாவுக்கு அவரையே கூப்பிடலாம்னு இருக்கேன்."

பத்து வருடத்தில் அண்ணன் அவளிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை அன்று மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவும்போது மெல்லப் பாடினாள். கருவி அறையில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "என்ன அத்தை, குழாய் ரிப்பேரா?" என்றார்.

அந்தக் குடியிருப்பு வருவதற்கு முன் அங்கே பழைய பேட்டரிகளை உடைக்கும் கொட்டகைகள் இருந்தன என்பது அத்தைக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். கொட்டகைகளைப் பிரித்துவிட்டு லாரி லாரியாகச் சுண்ணாம்பு கொட்டி, உழுது, அதன்மேல் வீடு கட்டினார்கள். சுண்ணாம்பு கொட்டியது தப்பில்லை. மண்துகளின் மேல் ஈயம் சும்மா தூசி மாதிரி படிந்து கிடப்பதில்லை. களிமண்ணின் ஓரங்களிலும், துருப்பிடித்த இரும்பின் மேலும், மக்கிய இலையிலும் இடம்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு இருந்தால் அதோடு சேர்ந்து இன்னும் இறுகும். பதவியில் உட்கார்ந்த மனிதன் மாதிரிதான். தண்ணீர் ஊற்றினால் எழுந்திருக்க மாட்டான். ஆனால் புளிப்பு வந்தால் கதை வேறு. புளிப்பில் இருக்கும் ஹைட்ரஜன், நெரிசல் பேருந்தில் ஏறும் கூட்டம் போல மண்துகளைச் சூழ்ந்து, ஒவ்வொரு இருக்கையாகப் பிடுங்கிக்கொள்ளும். இடமிழந்த ஈயம் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

மண் வந்தது. தண்ணீரில் குலுக்கினாள். கண்டறியப்படவில்லை. புளிப்பில் பார்க்கக் கட்டம் இல்லை. அத்தை ஒரு நிமிடம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்டதைச் செய்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டாள். சான்றிதழ் ஃபிரேமுக்குள் போய், ஃபிரேம் அண்ணன் வீட்டுக் கூடத்துக்குப் போய், அவளுடைய நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியே, "உக்காருங்க, உங்களாலதான் எல்லாம்" என்றாள். நாலு மணிக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாலே முக்காலுக்குத்தான் பார்த்தாள்.

அண்ணன் மகள் ஒரு வருடமாகப் பெற்றோர் வீட்டில்தான் இருந்தாள். கணவனுக்குத் தொலைவில் வேறு ஊரில் வேலை. அவளுடைய குழந்தைக்கு ஒன்றரை வயது. சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று பிறந்த அன்று யாரோ சொன்னதால் சுண்டு என்று பெயர் நின்றுவிட்டது. சுண்டு மற்ற குழந்தைகள் மாதிரி அத்தைப்பாட்டியைப் பார்த்து அழவில்லை. நேராக வந்து அவள் மடியில் ஏறி, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடுவதை ஒரு தொழிலாகச் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையை யாராவது தொட்டார்கள் என்றால் அது சுண்டுதான்.

அன்று சுண்டு தோட்டத்து இடத்திலிருந்து வந்தது. வாயைச் சுற்றிப் பழுப்பு மீசை.

"மண்ணு தின்னுதா?" என்றாள் அத்தை.

"எப்பவும்தான். முன்னாடி அடிச்சுக்கிட்டே இருப்பேன்" என்றாள் அண்ணன் மகள். "இப்ப அப்பா விட மாட்டேங்கறார்."

"நம்ம மண்ணுதானே" என்று அண்ணன் ஃபிரேமைக் காட்டினார். "சான்றிதழ் வாங்கின மண்ணு. கடையில விக்கிற பிஸ்கட்டுக்குக்கூட இவ்வளவு பெரிய சான்றிதழ் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுண்டுவின் இறுகிய கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்த மண்ணைக் கைக்குட்டையில் தட்டி முடிந்துகொண்டாள்.

தண்ணீர் என்பது தோட்டத்துக்கு ஊற்றுவது. வயிற்றுக்குள் இருப்பது தண்ணீர் இல்லை. மறுநாள் மதிய உணவு நேரத்தில் அத்தை, எந்தக் கட்டத்திலும் இல்லாத சோதனை ஒன்றைச் செய்தாள். வயிற்றில் இருக்கும் அளவுக்குப் புளிப்பான கரைசல் தயாரித்தாள். நூறு மில்லிக்கு ஒரு கிராம் மண். உடம்புச் சூட்டில் வைத்த தொட்டியில் குடுவை ஒரு மணி நேரம் மெல்லப் புரண்டது. குழந்தை படுத்துப் புரள்வது போல என்று நினைத்துவிட்டு, உடனே அந்த நினைப்பை விட்டாள். மீதி மண்ணைக் கடும் அமிலத்தில் கரைத்து மொத்தக் கணக்குக்கும் வைத்தாள்.

கருவி அறைக்காரர் காகிதத்தை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கமாகக் கூப்பிடுவார், எழுந்து வர மாட்டார்.

"இது எங்க எடுத்த மண்ணு?"

"ஒரு கையில எடுத்தது."

"மொத்தம் கிலோவுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் மில்லிகிராம் ஈயம். அதுல ஆயிரத்து நூறுக்கு மேல உங்க புளிப்புல கழண்டுடுச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு அத்தை திங்கறாங்க இதை?"

அத்தை எழுந்தாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் திறப்பு விழாவுக்கான உரையைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதும் பேசி முடித்த பிறகே திரும்பினார். காகிதத்தைப் படித்தார்.

"இது நம்ம படிவத்துலயே இல்லையே அத்தை."

"முன்னாடி இருந்துச்சு சார்."

"முன்னாடி மூணு பக்கம் இருந்துச்சு. யாராவது படிச்சாங்களா? இப்ப ஒரு பக்கம். எல்லாரும் மாட்டி வைக்கறாங்க."

"குழந்தைங்க மண்ணு திங்கும் சார். வயித்துல இருக்கிறது தண்ணி இல்ல."

"குழந்தை தின்னா அது பெத்தவங்க பொறுப்பு. நாம சான்றிதழ் குடுத்தது விதைக்கறதுக்கு, விருந்து வைக்கறதுக்கு இல்ல." அவர் காகிதத்தை நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார். "உங்க மதிய சாப்பாட்டு நேரத்துல நீங்க என்ன சமைச்சாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அதுக்கு ஆய்வகத்தோட முத்திரை கிடையாது."

அன்று மாலையே அத்தை அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் அவளைக் கண்டதும் அண்ணிக்கு எந்த நாற்காலியைக் காட்டுவது என்று தெரியவில்லை. அண்ணன் வாசலிலேயே நின்று கேட்டார். ஈயம் எப்படி மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, எப்போது விட்டுவிடுகிறது என்று அத்தை முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். பதவி உதாரணத்தை மட்டும் சொல்லவில்லை.

"இரு" என்றார் அண்ணன். "இல்லைனு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான். தண்ணியில இல்லைனுதான் போட்டேன். புளிப்புல இருக்கு."

"அப்ப புளிச்சதெல்லாம் பேசாதே. பத்திரிகை அடிச்சாச்சு, முந்நூறு பேருக்குக் குடுத்தாச்சு. இப்ப வந்து தலைவரோட தங்கச்சியே மண்ணு சரியில்லைனு சொன்னா எவனாவது என்னை மதிப்பானா?"

"சுண்டு திங்குதுண்ணே."

"நீ பெத்தியா, நான் பெத்தேனா? என் பேத்தியை எனக்குப் பாத்துக்கத் தெரியும்." பிறகு குரலை இறக்கினார். அண்ணன் குரலை இறக்கும்போதுதான் பயம். "இந்தப் பேச்சு இந்த வாசலோட நிக்கணும். வெளிய போச்சுன்னா, நீயும் இந்த வாசலுக்கு வரவேண்டாம்."

உள்ளே சுண்டு ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் எட்டிப் பார்த்து, "என்ன அத்தை, இந்நேரத்துல?" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அத்தைக்குக் கூடத்தில் ஜன்னலோர நாற்காலி தெரிந்தது. யாரும் உட்காராமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தது.

"ஒண்ணும் இல்ல. சுண்டு கைய நல்லா கழுவி விடு" என்றாள். படியிறங்கினாள்.

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் அத்தை தினம் ஒருமுறை கைப்பேசியை எடுத்து அண்ணன் மகளின் எண்ணைப் பார்த்துவிட்டு வைத்தாள். ஒரு கிராம் மண்ணுக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை கிராம், ஐந்து நாளைக்கு எவ்வளவு என்று மனது தானாகக் கணக்குப் போட்டது. வேறு யாருடைய குழந்தையாக இருந்தாலும் அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். சொந்த வீட்டில் உண்மை பேச மட்டும் ஆயிரம் நொண்டிச் சாக்கு கிடைக்கிறது.

விழாவன்று தோட்டத்தைச் சுற்றி வண்ணக் காகிதம் கட்டியிருந்தார்கள். பாத்தி ஒன்றில்கூட இன்னும் விதை விழவில்லை. ஆனால் மேடை, ஒலிபெருக்கி, நாற்காலி எல்லாம் வந்துவிட்டன. அண்ணன் புதுச் சட்டையில் இருந்தார். விலைச்சீட்டின் நூல் காலரில் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் சொல்லவில்லை. வரவேற்புரையே முக்கால் மணி நேரம். தலைமையுரையையும் அவரே ஆற்றினார்.

இயக்குநர் எழுந்தார். மண்ணைப் பற்றிப் பேசினார், மனிதனைப் பற்றிப் பேசினார், கடைசியில் தன்னைப் பற்றிப் பேசினார். ஒலிபெருக்கி கீச்சிட்டபோதுகூட அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பிறகு சட்டென்று மேடையிலிருந்து இறங்கிப் பாத்திக்கு வந்து, குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார்.

"எங்க ஆய்வகம் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மண்ணு. நம்பிக்கைன்னா என்னன்னு காட்டறேன்" என்றவர், அதை வாயில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் அசந்துபோய்க் கைதட்டியது. உண்மையில் அந்த ஒரு சிட்டிகையால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அத்தைக்கும் அது தெரியும். ஈயம் உடனே வேலை செய்தால் ஊரில் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அது அவசரப்படாது. வளர்ந்த ஆள் ஒருவர் வருடக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கலாம். அது முதலில் பிடிப்பது குழந்தையின் மூளையையும் எலும்பையும்தான்.

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் இயக்குநரைப் பார்த்தார்கள். பட்டங்கள் அத்தனையும் பெற்ற ஒரு பெரிய மனிதர் மண் தின்கிறார். அதற்குக் கைதட்டல் கிடைக்கிறது. ஒரு பையன் முதலில் எடுத்தான். பிறகு அவன் தங்கை. அதன் பிறகு எண்ண முடியவில்லை. தாய்மார்கள் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். "சீ, துப்பு" என்று பல குரல்கள். சிலர் சிரித்தார்கள். அண்ணன் ஒலிபெருக்கியில், "விடுங்க விடுங்க, நம்ம மண்ணுதான்" என்றார்.

சுண்டு இரண்டு கையாலும் அள்ளியது.

அத்தை கடைசி வரிசையிலிருந்து எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. மண்டியிட்டு, சுண்டுவின் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து, விரலை விட்டு வழித்தாள். சுண்டு கடித்தது. விடாமல் வழித்தாள். குழந்தை வீறிட்டு அழுததில் ஒலிபெருக்கிகூட அடங்கிப்போனது.

"என்னங்க இது" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு தாய். "நீங்க அந்த ஆய்வகத்துலதானே இருக்கீங்க? உங்க ஆளே தின்னு காட்டறாரு. நீங்க எதுக்கு வழிக்கறீங்க?"

அத்தை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். மிகச் சிறிய அசைவு. வேறு யாருக்கும் தெரியாது. கூடப் பிறந்தவளுக்குத் தெரியும்.

"தண்ணியில வராது" என்றாள் அத்தை. "வயித்துல வரும். இந்த மண்ணுல ஈயம் இருக்கு. நிறைய இருக்கு. நாங்க தண்ணியில மட்டும்தான் பாத்தோம். கையெழுத்துப் போட்டது நான்தான்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நொடியில் ஒவ்வொரு தாயின் விரலும் ஒவ்வொரு வாய்க்குள் இருந்தது. மேடைக்குப் பின்னால் இயக்குநர் யாரிடமோ தண்ணீர் கேட்டுக் கொப்பளித்தார்.

அண்ணன் மகள் சுண்டுவைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அஞ்சு நாளா."

அண்ணன் மகள் அவளை நன்றாகப் பார்த்தாள். "அஞ்சு நாளா" என்று அவளும் சொன்னாள். குழந்தையோடு திரும்பி நடந்தாள். அண்ணன் திட்டியிருந்தால்கூட அத்தை தாங்கியிருப்பாள்.

பிறகு நடந்ததெல்லாம் இப்படிப்பட்ட விஷயங்கள் எப்படி நடக்குமோ அப்படியே நடந்தது. தோட்டத்துக்கு வேலி போட்டார்கள். மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போக ஒரு குழு அமைத்தார்கள். குழுவுக்கும் அண்ணனே தலைவர். தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாகவும், அதை வெளிக்கொண்டுவரத்தான் விழாவே நடத்தியதாகவும் சொன்னார். இயக்குநர் சான்றிதழைத் திரும்ப மூன்று பக்கமாக்கினார். மூன்று பக்கத்துக்கும் தகுந்த பெரிய ஃபிரேமை அவரே வடிவமைத்து, அதைப் புரட்சி என்று குறிப்பிட்டார். ஊரே சரியாகிவிட்டது. அண்ணன் வாசல் மட்டும் திறக்கவில்லை.

சுண்டுவின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகவும், சீக்கிரம் பார்த்துவிட்டதால் மெல்லக் குறையும் என்று டாக்டர் சொன்னதாகவும் கருவி அறைக்காரர் மூலம்தான் அத்தைக்குத் தெரிந்தது. அவர் மனைவிக்கு அந்தக் குடியிருப்பில் ஒரு சிநேகிதி. அந்த வாரமே அண்ணன் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவன் ஊருக்குப் போய்விட்டாள் என்பதும் அந்த வழியாகத்தான் வந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தை பழக்கத்தில் குளித்து, புடவை மாற்றி, ஒன்பதரை மணிப் பேருந்தில் ஏறிவிட்டாள். குடியிருப்பு நிறுத்தம் வந்தது. எழுந்திருக்கவில்லை. பேருந்து கடைசி நிறுத்தம் வரை போய், எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் நடத்துநர்.

"இது திரும்பிப் போகுமா?"

"போகும். நீங்க எங்க போகணும்?"

"ஏறின இடத்துக்குத்தான்."

நடத்துநர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, இன்னொரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவருடைய வேலையில் இதைவிட வினோதமான பயணங்கள் இருந்திருக்கும்.

அதற்குப் பின்வந்த ஞாயிறுகளில் அவள் அறையிலேயே இருந்தாள். துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். மாதம் மூன்று போயிற்று. ஒருநாள் சாயங்காலம் கைப்பேசி அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு எடுக்கக் கை வரவில்லை. ஆறாவது முறை மணியடித்தபோது எடுத்தாள்.

"அத்தை, நான்தான்."

"ம்."

"இங்க புது வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் இருக்கு. இவ அங்கயேதான் கிடக்கறா. வாயில போடறா." அண்ணன் மகள் கொஞ்சம் நிறுத்தினாள். "மண்ணை எப்படி எடுத்து அனுப்பணும்?"

கோபம் தீர்ந்துவிட்டதா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அத்தை முயலவும் இல்லை. அஞ்சு இடத்துல எடு, மேலாப்புல ரெண்டு விரல் ஆழம் போதும், இரும்புக் கரண்டி வேணாம், பிளாஸ்டிக்குல எடு, ஒண்ணா கலந்து ஒரு பொட்டலமா கட்டு என்று நிதானமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு ஜிப் திறந்து மூடுகிற மாதிரி ஏதோ கேட்டது. அது கதவாகக்கூட இருக்கலாம்.

பொட்டலம் நாலாம் நாள் வந்தது. அத்தை அதைத் தண்ணீரில் பார்த்தாள், வயிற்றுப் புளிப்பில் பார்த்தாள், கடும் அமிலத்தில் கரைத்தும் பார்த்தாள். சந்தேகம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை செய்தாள். கருவி அறைக்காரர் இரண்டு தாள்களையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"சுத்தமான மண்ணு அத்தை. இதுக்கு மேல நல்ல மண்ணு நான் பாத்ததில்ல. சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான்" என்றாள்.

அறைக்குத் திரும்பி, எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். மண் மோசமாக இருந்திருந்தால் பேச எவ்வளவோ இருந்திருக்கும். என்ன போட வேண்டும், எதை மாற்ற வேண்டும், எத்தனை நாளில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடத்துக்குப் பேச்சு இருந்திருக்கும். நல்ல மண்ணுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான்.

"நல்ல மண்ணு. பயப்பட ஒண்ணும் இல்ல. தின்னா தின்னட்டும்."

அந்தப் பக்கம் பெரிய பெருமூச்சு. "அப்பாடா. சரி அத்தை. வேற ஒண்ணும் பாக்க வேண்டியதில்லையே?"

இருபத்தாறு வருட வேலையில் அத்தை தேவையில்லாத பொட்டலம் ஒன்றைக்கூட யாரிடமும் கேட்டதில்லை. நல்ல மண் ஒரே இரவில் கெட்டுப்போகாது. அதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"ஒரு தடவை பாத்தா போதாது" என்றாள். "மழை பெய்யும், வெயில் அடிக்கும். மண்ணு ஒரே மாதிரி இருக்காது. மாசம் ஒரு பொட்டலம் அனுப்பு. நான் பாத்துட்டு போன்ல சொல்றேன்."

அந்தப் பக்கம் நாட்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மாசா மாசமா? ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு அனுப்பினா ஆகாதா?"

"ரெண்டு மாசம்னாலும் பரவாயில்ல" என்றாள் அத்தை.